ஷாப்பு என்று நான் சொன்ன சொல்

ஏகாம்பரம்,

உடம்பு எப்படி என்று முதலில் கேட்பாய், சுகம்தான். கப்பலில் இரண்டு நாள் தலையைத் தூக்க முடியவில்லை, மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து அக்கம்பக்கத்தில் இருந்தவர்களை அதட்ட ஆரம்பித்துவிட்டேன் என்றால் உனக்கே புரியும். நாகப்பட்டினத்தில் இறங்கி, வண்டி மாறி மாறி ஜோலார்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து ஆம்பூர் வந்து சேர்ந்து இன்றைக்கு ஒன்பது நாள் ஆகிறது. கமலத்துக்குக் கூறைப்புடவை எடுக்கப் போகிறேன் என்றுதான் உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேன். புடவை எடுத்தாகிவிட்டது. அரக்குச் சிவப்பு, கெட்டிக் கரை, அவள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் ஒரு புடவைக்காக எந்தக் கிழவியும் கடலைத் தாண்ட மாட்டாள் என்று நீ யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அம்மா சொன்னால் சரி என்று தலையாட்டும் பிள்ளையாக உன்னை வளர்த்தவள் நான்தான், அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நான் வந்தது உன் சித்தப்பாவைப் பார்க்க. ஆமாம், உனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். பெயர் முனுசாமி. உன் அப்பாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி. இருபத்தோரு வருஷமாக உன்னிடம் இதை நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லாதவை நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். நீ படித்து முடித்ததும் இதை மடித்துப் பெட்டியில் வைக்கக் கூடாது. கமலத்தையும் அவள் அம்மா மீனாட்சியம்மாளையும் அவள் அப்பாவையும் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கேட்டுவிட்டு அவர்கள் பெண் கொடுக்கிறார்களா, கொடுக்கவில்லையா என்பது அவர்கள் பாடு. கேட்காமல் கொடுக்க வைப்பது மட்டும் இனிமேல் நடக்காது. நீ படிக்காவிட்டால் நான் வந்து இறங்கியதும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய் நானே சொல்வேன். என்னை உனக்குத் தெரியும்.

உன் அப்பா ஆம்பூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கவில்லை. பட்டுச் சுருள்களும் கல்லாப்பெட்டியும் சாம்பிராணிப் புகையும் நான் கட்டிய கதை. அவர் தோல் ஷாப்பில் வேலை செய்தார். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, முடியைச் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்துகிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பேச்சில் தோல் உதிர்ந்துவிடும், வெறும் ஷாப்பு என்றே சொல்வோம். 'ஷாப்புக்குப் போறான்', 'ஷாப்பு வுட்டாச்சு'. ஆம்பூரில் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் துணியையோ மளிகையையோ நினைக்க மாட்டார்கள். உன் அப்பா முட்டி வரைக்கும் சுண்ணாம்பில் நின்றார். நான் பட்டைக் கொட்டகையில் உட்கார்ந்து மற்ற பெண்களோடு பட்டை இடித்தேன். நாங்கள் குடியிருந்தது சேரியில். மெயின் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. நாள் முழுக்கத் தோலோடு கிடக்கிறவர் தெருமுனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அதற்காகத்தான் அவர் கப்பல் ஏறினார், வேறு எதற்கும் இல்லை. பினாங்கில் இறங்கிய அன்றைக்கே ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு, அது கடித்துக் கால் புண்ணாகிறவரை வேலையே இல்லாமல் தெருத் தெருவாகச் சுற்றினார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

பொய் எப்படி வந்தது என்று கேள். வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, உனக்கு மூன்று வயது. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மீனாட்சியம்மாள் குடத்தை வைத்துவிட்டு, "ஏங்க, உங்க வீட்டுக்காரர் ஊர்ல என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?" என்று கேட்டாள். நான் மறைக்க நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் "ஷாப்புல இருந்தாரு" என்றேன். அவள் தஞ்சாவூர்ப் பக்கம், அவளுக்கு ஷாப்பு என்றால் கடை. "அட, ஜவுளி ஷாப்பா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் குனிந்து, என் சொம்பை எடுத்து, என் குடத்தில் மொண்டு, மடமடவென்று குடித்துவிட்டு, "வெயில் கொளுத்துதுங்க" என்று சொம்பைத் திருப்பி வைத்தாள். என் சொம்பில் ஏகாம்பரம்! எங்கள் தெருவுக்கு வெளியே உள்ள ஒரு பெண் என் சொம்பில் வாய் வைத்துக் குடித்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஊரில் எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் எட்டி நின்று இரண்டு கையையும் குவிப்பேன், மேலிருந்து ஊற்றுவார்கள். அன்றைக்கு நான் "ஆமாங்க, ஜவுளி" என்றேன். ஜாதியை அவளே ஊகித்துக்கொண்டாள், நான் மறுக்கவில்லை. இதற்கு நான் வெட்கப்படுகிறேன், ஆனால் அந்தச் சொம்பை நினைத்தால் இன்றைக்கும் மனசு குளிர்கிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதிவிட்டேன்.

உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் கையில் இருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "இன்னா பண்ணி வச்சிருக்கே நீ? நாம இன்னா திருடினோமா, பொய் சொல்லிப் பொழைக்க?" என்றார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் கிடங்கில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை கிடைத்தது. அங்கேயும் ஒருவர் கேட்க, அவரும் ஜவுளி என்று சொல்லிவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்தக் கடையைப் பற்றி வீட்டுக்குள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. வெளியில் மட்டும் அது வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது.

அக்கரைக்கு வந்து பிழைக்கிறவர்களைப் பற்றி எல்லாரும் பேசும்போது ஊர் ஏக்கம், சாப்பாடு சேரவில்லை, மழை விடவில்லை என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் ஒரு மாசத்தில் பழகிவிட்டது. தேங்காய்ப்பால் குழம்பு மட்டும் இன்னும் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். எனக்குக் கஷ்டமாக இருந்தது நாக்கைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். வடக்கத்திப் பேச்சு என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து 'இன்னா' என்பதை 'என்ன' ஆக்கினேன், 'வர்றேன்' என்பதை 'வருகிறேன்' என்று நாடகக்காரி மாதிரிப் பேசினேன். உனக்கு ஆறு வயதில் கமலம் வீட்டு முற்றத்தில் நீ "இன்னாம்மா?" என்று என்னைக் கேட்டாய். கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். தட்டை உடைத்ததற்காக அடித்தேன் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். தட்டு அதற்கு அப்புறம்தான் உன் கையிலிருந்து விழுந்தது. உன் வாயில் என் ஊர் வந்தது, அதற்காக அடித்தேன். இப்போது ஜோலார்பேட்டையில் வண்டியை விட்டு இறங்கியதும் போர்ட்டர் ஒருவர் ஓடிவந்து, "இன்னாம்மா, எங்க போவணும்? மூட்டை ஜாஸ்தியா கீதே" என்றார். பிளாட்பாரத்திலேயே பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்க் கூலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பாவுக்கு நான் செய்ததை இப்போது சொல்கிறேன். கடிதத்தை உரக்கப் படிக்கும்போது இந்த இடத்தில் மீனாட்சியம்மாளுக்கு ஞாபகம் வரும், ஏனென்றால் அவளும் அங்கே இருந்தாள். உனக்கு எட்டு வயது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது, எங்கள் வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தோம். நட்ட நடுப்பகல். வாசலில் ஒருவர் வந்து நின்றார். கப்பல் அழுக்கு வேட்டி, தோளில் துண்டு, பட்டைத் தண்ணீரில் ஊறிப் பழுப்பேறிய நகங்கள். அந்த நகத்தை எங்கள் ஊரில் யார் பார்த்தாலும் ஷாப்பு ஆள் என்று சொல்லிவிடுவார்கள். அண்ணன் கூடவே இருந்து பிழைக்கலாம் என்று, சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறி வந்திருந்தார். எழுதாதே என்று நான்தான் உன் அப்பாவை விட்டு அவருக்குச் சொல்லியிருந்தேனே, எப்படிச் சொல்லிவிட்டு வருவார்? முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணி!" என்றார்.

முறுக்கு உழக்கைக் கீழே வைத்துவிட்டு மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அதுதான் என்னை இன்றும் அரிக்கிறது. "எங்க ஷாப்புல வேலை செஞ்சவன்" என்றேன்.

உன் சித்தப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு, "ஆமாம்மா" என்றார். அண்ணி இல்லை, அம்மா. மேலே ஒரு வார்த்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அய்யா இல்லீங்களா?" என்று உன் அப்பாவை, தன் சொந்த அண்ணனை, அய்யா என்று கேட்டார். தாகமாக இருக்கிறது என்றார். நான் சொம்பை எடுத்துப் போனேன். அவர் இரண்டு கையையும் குவித்தார். நான் மேலிருந்து ஊற்றினேன். நான் ஏகாம்பரம், நான் ஊற்றினேன், ஒரு சொட்டு என் விரலில் படாமல். துண்டில் எதையோ சுற்றி வைத்திருந்தார், அதன் ஓரம் வெளியே தெரிந்தது. துண்டுத்தோலில் தைத்த சின்னச் செருப்பு, உன் காலுக்கு. அதை எடுத்துக் கொடுக்காமல் துண்டை இன்னும் இறுக்கி முடிந்துகொண்டு போய்விட்டார். சாயங்காலம் அப்பா வந்து கேட்டதும் துறைமுகம், சத்திரம், கோயில் என்று ஓடித் தேடினார். கிடைக்கவில்லை. பினாங்குக்கு அக்கம்பக்கத்தில், கெடாவில் ஏதோ ஒரு தோட்டத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு அவர் ஆம்பூருக்கே திரும்பிவிட்டார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்பா சாகக் கிடந்தபோது, "முனுசாமிக்கு எழுதுனியா?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். எழுதவில்லை. எழுதினால் அவர் வந்துவிடுவார் என்று பயந்தேன். இதைவிடக் கேவலமாக நான் செய்த காரியம் இன்னொன்று இல்லை.

ஏன் இப்போது என்று கேட்பாய். நிச்சயதார்த்தத்தன்று நீ கமலத்தின் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். "எங்க கடையில நான் பட்டுச் சுருளுக்கு நடுவுல ஒளிஞ்சு விளையாடுவேன் மாமா, கல்லாவுல இருந்து அப்பா கூப்பிடுவாரு" என்று சொன்னாய். உன் கண்ணில் பொய் இல்லை. நான் சொல்லிச் சொல்லி அது உனக்கு ஞாபகமாகவே ஆகிவிட்டது. நாளைக்கு உன் பிள்ளைக்கும் இதையே சொல்வாய். சுண்ணாம்பில் வெந்துபோன கால்களோடு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறிய மனுஷன் எங்கேயுமே இல்லாமல் போய்விடுவார். அவர் இருந்த இடத்தில் நான் ஒரு கல்லாப்பெட்டியை வைத்துவிட்டேன். அன்றைக்கே டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

இங்கே வந்து நேரே ஷாப்புக்குத்தான் போனேன். அவர் இப்போது மேஸ்திரி. தோல்களை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "வாங்கம்மா" என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பெண்சாதியிடம், "பினாங்கு அம்மா வந்துகிறாங்க, பாய் போடு" என்றார். நான் காலைத் தொடப் போனேன், நகர்ந்துகொண்டார். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பெரிய வார்த்தைங்கம்மா" என்றார். மூன்று நாள் இப்படியே, நல்ல சாப்பாடு, நல்ல மரியாதை, வாய்க்கு வாய் அம்மா. அவர் என்னைத் திட்டியிருந்தால் அப்பாடா என்று இருந்திருக்கும். நாலாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. விடிந்ததும் பட்டைக் கொட்டகைக்குப் போய், பெண்களோடு உட்கார்ந்து உலக்கையைப் பிடித்துவிட்டேன். "இன்னாக்கா, பட்டுப்புடவை கட்டிக்கினு பட்டை இடிக்க வந்துட்டே?" என்று சிரித்தார்கள். "நான் மேஸ்திரியோட அண்ணி. இங்க இடிச்சவ தான்" என்று கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அன்றைக்கும் மறுநாளும் இடித்தேன். கை கொப்புளித்து உடைந்தது.

அந்த இரண்டாம் நாள் மத்தியானம் அவர் வந்து நின்றார். "இன்னாத்துக்கு இதெல்லாம்? பேஜார் பண்ணாதே. கைய பாரு, தோலுரிஞ்சு கீது. எழுந்திரு" என்றார். நீங்க போய் நீ வந்தது. அம்மா போய் அண்ணி வந்ததா என்று கேட்காதே, அப்படி இன்னும் அவர் சொல்லவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "அன்னிக்கி எங்க ஷாப்புல வேல செஞ்சவன்னு சொன்னியே, அதுல ஒரு வார்த்த பொய் கெடயாது. அதான் என்னால உன்ன திட்டக்கூட முடியல. கெடாவுல ரெண்டு வருஷம் அதையே நெனச்சுக்கினு கெடந்தேன்" என்றார். கல்யாணத்துக்கு வா என்று கெஞ்சினேன். ரொம்ப நேரம் பட்டைத் தூளைக் கையில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "வர்றேன். ஆனா யாரா வர்றது? அத்த மொதல்ல சொல்லு" என்றார். மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவாக என்றேன். "நீ சொல்லி ஆவறது இன்னா இருக்குது? உன் காலம் முடிஞ்சுபோச்சு. நாளைக்கி அங்க இருக்கப்போறவன் அவன். அவன் வாயால கூப்ட்டா சித்தப்பன். இல்லாங்காட்டி நான் ஷாப்பு ஆளு, பந்தியில எல போட்டுட்டுத் திரும்பி வந்துர்றேன்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் அவர் சொன்னதில் பிசகு இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நான் பொய்யை ஆரம்பித்தவள், முடித்து வைக்க என்னால் ஆகாது. அந்த ஊரில் குடித்தனம் நடத்தப்போகிறவன் நீ. உன்னைத் தேடி நாளைக்கு ஆம்பூரிலிருந்து இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள். அக்கரைக்குப் போகிறவன் எதையாவது கழற்றிவிட்டுத்தான் போவான், நான் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. பேச்சைக் கழற்று, உடுப்பைக் கழற்று, குனிந்து நிற்கிற பழக்கத்தைக் கட்டாயம் கழற்று. உன் அப்பா அதற்காகத்தான் போனார். ஆனால் கூடப் பிறந்தவனைக் கழற்றாதே. நான் குனியாமல் நிற்பதற்கு அவரைக் குனிய வைத்தேன். ஊரில் எங்களுக்கு மற்றவர்கள் செய்ததை நான் கடல் தாண்டி எடுத்துப்போய் என் வீட்டு வாசலில் செய்தேன்.

மீனாட்சியம்மா, இதை நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் என்னை ஒரு நாளும் இழிவாக நடத்தியதில்லை, ஏனென்றால் நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. உங்கள் பெண்ணைத் தருவதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம், மறுத்தால் உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்கும், அதையும் மறைக்கமாட்டேன். கமலம், உன்னிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். உன் அம்மா அப்பா என்ன சொன்னாலும், உன் மனசில் இருப்பதை ஏகாம்பரத்திடம் நீயே சொல். இதைத் தாங்காமல் அவன் எழுந்து போய்விட்டால் போகட்டும், நின்றால் நீயும் கூட நில்லு.

ஏகாம்பரம், உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். பெண் கைவிட்டுப் போனால் என்னை மன்னிக்கமாட்டாய் என்பதும் தெரியும். என் ஒரே பிள்ளையின் பாசத்தை இழக்கவும் தயாராகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கை வலிக்க வலிக்க எழுதுகிறேன். இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் போகிற கப்பலுக்கு அடுத்த கப்பலில் நாங்கள் வருகிறோம். நீ துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் பாலத்தடியில் நிற்பாய். யார் யார் உன்கூட நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது, ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம். நான் முன்னால் இறங்கமாட்டேன், அவரைத்தான் முன்னால் இறங்கச் சொல்வேன். நகம் பழுப்பேறிய கை, தலை நரைத்திருக்கும், உன் அப்பாவின் அதே மூக்கு, பார்த்ததும் தெரிந்துவிடும். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் வாயில் முதலில் 'அய்யா' தான் வரும், பழக்கம் அப்படி. அதற்குள் நீ முந்திக்கொள்.

உன் அம்மா